முதல் காட்சியில் சாகிறவளுக்கு ஒரு பெயர் வையுங்கள்

அன்புள்ள மாணவச் செல்வங்களுக்கும், இதைப் படித்துவிட்டு "அக்காவுக்கு ரிடையர் ஆனதிலிருந்து பொழுது போகவில்லை" என்று சொல்லப்போகும் உறவினர்களுக்கும்,

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் ஓடியது. "எந்தக் கொலைப் படத்தின் முதல் பத்து நிமிஷம் உங்களை நடுங்க வைத்தது?" ஆளாளுக்கு ஒரு படம் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்தப் பத்து நிமிஷத்தில் செத்துப்போகிறாளே, அவள் பெயர் என்ன?" இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒருவன், "ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் மிஸ்" என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் ஒட்டினான். பதினேழு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. ஆனால் விடப்போவதும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் தமிழ்ப்பாடம் நடத்தியவள், பயத்தைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது. கதை வெளியாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எல்லாம் பழைய படங்கள்தான்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். அந்த முதல் காட்சிகளில் உழைப்பு இருக்கிறது. எப்படிப் பயமுறுத்துகிறார்கள் என்று பார்த்தால் நாலைந்து வழிகள்தான். ஒன்று, நமக்குப் பழக்கமான இடத்தைக் காட்டி அதில் ஒரே ஒரு பொருளைக் கெடுப்பது. சமையலறை, மாடிப்படி, பஸ் ஸ்டாப். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், பூட்டிய கதவு மட்டும் திறந்திருக்கும். இரண்டு, முகத்தைக் காட்டாமல் கையையும் செருப்பையும் மட்டும் காட்டுவது. ஏ.வி.எம். எடுத்த 'அதே கண்கள்' படத்தில், 1967லேயே, கண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே ஆட்டிவைத்தார்கள். மூன்று, சத்தம். சத்தத்தைவிட, சத்தம் நின்றுபோவது. நான்கு, கொலைகாரனின் கண் இருக்கும் இடத்தில் கேமராவை வைப்பது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பவன் அவன். நாம் பார்ப்பதும் அங்கிருந்துதான். ஜான் கார்ப்பென்டர் 1978இல் எடுத்த 'ஹாலோவீன்' இப்படித்தான் தொடங்குகிறது. நாலு நிமிஷம் போல நாமே கத்தியை எடுத்துக்கொண்டு படியேறுகிறோம். கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஆறு வயசுப் பையன்.

அமெரிக்கக்காரனைப் பார்த்துத்தான் நாம் கற்றோம் என்று நினைக்காதீர்கள். அதே 1978 அக்டோபர் கடைசி வாரத்தில்தான் இங்கே பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எடுக்க நேரமே இல்லை.

அதற்கும் முன்னால் போகிறேன். சிலப்பதிகாரம் நடத்தும்போது ஆய்ச்சியர் குரவையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? குடத்தில் ஊற்றிய பால் உறையவில்லை. வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர். மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. அவ்வளவுதான். முந்தைய காதையிலேயே கோவலன் வெட்டுப்பட்டாயிற்று. அது நமக்குத் தெரியும். அந்த இடைச்சேரிப் பெண்களுக்குத் தெரியாது, கண்ணகிக்கும் தெரியாது. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்ற அந்த இடைவெளியில்தான் பயம் உட்கார்ந்திருக்கிறது. 'சிகப்பு ரோஜாக்க'ளிலும் அதே கணக்குத்தான். அந்த திலீப் யார் என்று நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஸ்ரீதேவிக்குத் தெரியாது. பால் உறையாததற்கே உடம்பு சிலிர்க்க வைக்கத் தெரிந்த மொழி இது. ஆகவே "பயம் காட்டுவதே தப்பு" என்று நான் சொல்வதாக யாரும் எழுத வேண்டாம்.

என் சண்டை வேறு.

இளங்கோ கோவலனைக் கொல்வதற்கு முன் பதினைந்து காதை அவனோடு நம்மை நடக்க வைக்கிறார். அவன் செய்த தப்பெல்லாம் நமக்குத் தெரியும். கடைசியாக அவன் என்ன சாப்பிட்டான், யார் பரிமாறினார்கள் என்பதுகூடத் தெரியும். வெட்டு விழுவது ஒரு நொடி. ஆள்தான் பெரியவன், வெட்டு சின்னது. ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' எடுத்தபோது இதைப் புரிந்து வைத்திருந்தார். குளியலறைக் கொலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அந்த வயலின் கீச்சொலி இல்லாமல் இன்றைக்கும் ஒரு கேலி வீடியோ வருவதில்லை. ஆனால் அந்தக் கொலை வருவது படம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து. அதற்குள் மேரியன் என்ற அந்தப் பெண் யாரைக் காதலிக்கிறாள், ஏன் பணத்தைத் திருடினாள், திருப்பிக் கொடுக்க எப்போது மனசு மாறினாள் எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் அவள் செத்ததும் தியேட்டரே அனாதையானது.

நம் ஊரில் வீணை எஸ். பாலசந்தர் 1954இல் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டே இல்லாத படம், ஏ.வி.எம். தயாரிப்பு. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். மீதிப் படம் முழுக்க ஒரே வேலை: செத்தவன் யார்? பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், தம்பி ஒன்று சொல்கிறான், மனைவி ஒன்று சொல்கிறாள். முதல் காட்சியில் விழுந்த பிணத்துக்கு அந்தப் படம் கொடுத்த மரியாதையைப் பாருங்கள். ஒரு படமே கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வாருங்கள். மழை, தெருவிளக்கு, தனியாக நடக்கும் ஒரு பெண், பின்னால் காலடி, ஒரு அலறல், கருந்திரை, படத்தின் பெயர். அந்தப் பெண் எங்கே வேலை முடித்து வந்தாள்? வீட்டில் யார் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தார்கள்? தெரியாது. மறுநாள் காலையில் போலீஸ் ஜீப் வரும், நாயகன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிவார். அவளுக்கு ஒரு எண் கிடைக்கும். "மூன்றாவது விக்டிம்."

ஆனால் கொலைகாரனுக்கு? அவனுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. இடைவேளைக்குப் பிறகு அரைமணி நேரம் அவன் சின்ன வயசுக் கதை உண்டு. அதற்கு ஒரு சோக இசையும் உண்டு. அந்தக் கதையில் எப்போதும் ஒரு குற்றவாளி இருப்பாள். பெரும்பாலும் பெண். 'சிகப்பு ரோஜாக்க'ளில் பையன் கெட்டுப்போகப் பெண்கள் காரணம். 1980இல் வந்த பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யில் அம்மாவின் கண்ணீருக்காக அவன் விலைமாதர்களைத் தேடித்தேடிக் கொல்கிறான். அந்த அம்மாவை அழ வைத்த அப்பாவின் மேல் அவன் கை நீளுவதில்லை. 2018இல் வந்த 'ராட்சசன்' படத்தில் பள்ளியில் அவனைக் கேலி செய்து ஒதுக்கிய ஒரு மாணவி. 2020இல் வந்த மிஷ்கினின் 'சைக்கோ'வில் ஒரு டீச்சர். எங்களையும் விட்டுவைக்கவில்லை!

நாற்பது வருஷத்துக்கு மேலாகச் 'சிகப்பு ரோஜாக்க'ளின் வசனம் ஒன்றைக் கல்யாண வீட்டில்கூடச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். பெண்களைக் குத்தச் சொல்லும் வசனம். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்பதெல்லாம் உதிர்ந்துபோய்ச் சிரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம் வீட்டு ஆண்பிள்ளைகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. காது பழகிவிட்டது என்று சொல்கிறேன்.

"படம் பார்த்தா யாராவது கொலை செய்வாங்களா மிஸ்?" என்று அடுத்த கேள்வி வரும். 1984இல் 'நூறாவது நாள்' வந்தபோது, அதைப் பார்த்துத்தான் செய்தேன் என்று ஒரு கொலைகாரன் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. பிடிபட்டவன் யார் தலையிலாவது பழியைப் போடத்தான் செய்வான். லட்சம் பேர் பார்த்தார்கள், லட்சம் பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். இந்தப் படங்கள் கொலைகாரனை உண்டாக்குவதில்லை. அவை உண்டாக்குவது வேறொன்று. அதற்குத் தொல்காப்பியரைக் கூப்பிட வேண்டும். பெருமூச்சு விடாதீர்கள், தேர்வு இல்லை.

மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார். அதில் அச்சம் ஒன்று. அச்சம் நான்கு இடங்களிலிருந்து வரும் என்கிறார். அணங்கு, அதாவது பேய், தெய்வம் போன்றவை. விலங்கு. கள்வர். நான்காவது, தம்மை ஆளுகிற தலைவர். இந்த நான்காவதைப் பாருங்கள். எவ்வளவு நேர்மையான மனுஷர்! பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பக்கத்தில், அதே வரிசையில், நம்மேல் அதிகாரம் உள்ளவரையும் உட்கார வைத்துவிட்டார். அரசன் மட்டுமா நம்மை ஆளுகிறான்? ஒரு குழந்தையை ஆளுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் முதல் காட்சிகள் எந்த அச்சத்தைக் காட்டுகின்றன? முகமூடி போட்டவன் பாதி அணங்கு, பாதி கள்வன். மோப்பம் பிடித்து வருவதால் கொஞ்சம் விலங்கு. முதல் மூன்றும் சேர்ந்து இருட்டில் நிற்கிறது. நான்காவதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் உண்மையில் பெண்பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், செய்தவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். குடும்பத்தார், அக்கம்பக்கத்தார், நண்பர், வேலை கொடுத்தவர்.

எனக்கு அறிக்கை தேவைப்படவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் என்னிடம் வந்து, வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, பெஞ்சு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திகூட முகமூடிக்காரனைப் பற்றிச் சொன்னதில்லை. டியூஷன் சார், மாமா முறை, அப்பாவின் சிநேகிதர், மாடி வீட்டு அண்ணா. பகல் நேரம். விளக்கு எரிகிற வீடு. டம்ளரில் காபி. இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

'ராட்சசன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். கெட்டிக்காரப் படம், மறுக்கவில்லை. சிதைத்த பொம்மைத் தலையைப் பரிசுப் பெட்டியில் வைத்து வீட்டு வாசலுக்குள் கொண்டுவருவது ஆய்ச்சியர் குரவை அளவுக்கு நல்ல யோசனை. ஆனால் அந்தப் படத்தில் எனக்கு நிஜமாகக் கை சில்லிட்ட இடம் கொலை எதுவும் இல்லை. இன்பராஜ் என்ற வாத்தியார் வரும் இடம். ஒரு வகுப்பறை, ஒரு ஆசிரியர், வாய் திறக்க முடியாத ஒரு மாணவி. இருட்டு இல்லை, மழை இல்லை. தொல்காப்பியரின் நான்காவது அச்சம் அதுதான், அப்பட்டமாக. படம் என்ன செய்தது? "இவன்தான் கொலைகாரனோ" என்று நம்மைக் கொஞ்ச நேரம் திசைதிருப்ப அவரைப் பயன்படுத்திக்கொண்டு, பாதியிலேயே கணக்கை முடித்துவிட்டு, "சரி, நிஜமான வில்லன் வேறு" என்று போய்விட்டது. நிஜமான வில்லன் போய்விட்டானே ஐயா!

அதோடு நிற்கவில்லை. அந்த வேறு வில்லனுக்கு ஒரு நோய். சின்ன வயசிலேயே முதுமை வந்துவிடும் நோய். தொல்காப்பியர் மூப்பையும் பிணியையும் வைத்த இடம் அச்சம் இல்லை. அவை இளிவரல் என்ற வேறொரு மெய்ப்பாட்டில் இருக்கின்றன, வருத்தத்தோடும் மென்மையோடும் ஒரே வரிசையில். நோயாளியைப் பார்த்து முகம் சுளிப்பது வேறு, பயப்படுவது வேறு என்று அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். நாம் இரண்டையும் குழப்பி, நோயாளிப் பையன் ஒருவனை ராட்சசனாக்கி, கை தட்டினோம். அப்படி ஒரு நோயோடு நிஜமாகவே பள்ளிக்குப் போகும் குழந்தை, அந்தப் படம் டிவியில் ஓடிய மறுநாள் எப்படிப் போயிருக்கும்?

இப்போது, நான் சொன்ன அந்த "வேறொன்று" என்ன என்பதற்கு வருகிறேன். என் தங்கை பேத்தி அடையாறில் இருக்கிறாள், பத்தாம் வகுப்பு. சாயங்காலம் பெசன்ட் நகருக்குத் தனியாகச் சைக்கிளில் போய்ப் பாட்டு கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து இப்படி ஒரு படம் பார்த்தார்கள். அடுத்த வாரம் பாட்டு வகுப்பு நின்றது. "காலம் கெட்டுக்கிடக்கு பெரியம்மா" என்றார்கள். அவள் அண்ணன், அதே படத்தை அதே சோபாவில் பார்த்தவன், இரவு பத்தரைக்குப் பாண்டி பஜாரிலிருந்து பைக்கில் வருகிறான். அவனுக்கு எதுவும் நிற்கவில்லை. பயத்தை எல்லாருமாகச் சேர்ந்து பார்த்தார்கள், கட்டணம் அவள் மட்டும் கட்டினாள்.

இதுதான் நடக்கிறது. அந்த முதல் காட்சி ஒவ்வொரு முறையும் ஒரே பாடம் நடத்துகிறது: வெளியே போகாதே, தனியாகப் போகாதே, இருட்டுவதற்குள் வா. வீட்டுக்குள் இருந்தால் தப்பு நடக்காது. இதைவிடப் பெரிய பொய் கிடையாது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? விடிந்த காலை, வேலைக்குப் போகும் கூட்டம், நடைமேடை. எந்த இயக்குநரும் அந்த நேரத்தில் கொலைக்காட்சி வைத்திருக்க மாட்டார், "பயமாக இருக்காது சார்" என்று சொல்லியிருப்பார்.

பறக்கும் ரயில் நிலையங்களின் ஆளில்லாத படிக்கட்டைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு ஷாட் தோன்றுகிறது. எனக்கு அங்கே எத்தனை விளக்கு போட வேண்டும் என்று தோன்றுகிறது. படம் பார்த்துப் பயந்த நூறு அப்பாக்கள் மகளை வீட்டில் உட்கார வைப்பதற்குப் பதில், நூறு பேரும் சேர்ந்து "இங்கே விளக்கு போடு" என்று மனு எழுதினால், அந்தப் பயத்துக்கு ஒரு பலன் இருக்கும்.

நல்லபடியாகச் செய்யவே முடியாதா என்றால், முடியும். 2019இல் அஸ்வின் சரவணன் எடுத்த 'கேம் ஓவர்' பாருங்கள். அதன் முதல் காட்சி உங்கள் பட்டியலில் உள்ள எதற்கும் குறைந்ததில்லை. தனியாக வீட்டில் ஒரு பெண், வெளியிலிருந்து அவளைப் பார்க்கும் ஒரு கண், பிறகு நடப்பதைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. இதுவும் வழக்கமானதுதான் என்று எழுந்துவிட நினைத்தேன். ஆனால் அந்தப் படம் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. பின்னால் அவள் பெயர் அமுதா என்று தெரிகிறது. புற்றுநோயோடு போராடி மீண்டவள் என்று தெரிகிறது. அவளுக்கு ஒரு அம்மா இருக்கிறாள். அமுதாவின் அஸ்தி கலந்த மையில் குத்திய பச்சைதான் டாப்ஸி கையில் இருக்கிறது. முதல் காட்சியில் செத்தவள் கடைசிக் காட்சிவரை கூடவே வந்து, இன்னொருத்தியைக் காப்பாற்ற நிற்கிறாள். பயம் குறைந்ததா? கூடியது. ஏனென்றால் அது ஒரு உடம்பு என்று இருந்தது போய் அமுதா என்று ஆகிவிட்டது. உங்கள் குழுப் பட்டியலில் இந்தப் படத்தை ஒரே ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுக்குப் பத்துக்குப் பத்து.

ஆகவே, சினிமாவிலும் குறும்படத்திலும் வெப் சீரிஸிலும் உதவி இயக்குநர்களாகக் கஷ்டப்படும் என் பிள்ளைகளுக்கு (ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள், ஒவ்வொருவரும் எனக்குத் தெரியும்) மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதல் காட்சியில் யாரையாவது கொல்லத்தான் வேண்டும் என்றால், அவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். வசனத்தில் வராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் திரைக்கதைத் தாளில் "பெண் 1" என்று எழுதாதீர்கள். பெயர் வைத்தால் அவளுக்கு வீடு தானாக வரும், வீடு வந்தால் காத்திருப்பவர்கள் வருவார்கள். உங்கள் காட்சிதான் பிழைக்கும்.

கேமராவைக் கொலைகாரனின் கண்ணில் வைப்பதற்கு முன், ஒரு நாள் அவள் கண்ணில் வைத்து எழுதிப் பாருங்கள். அவளுக்கு அந்தத் தெரு எப்படித் தெரிகிறது? எந்தக் கடை திறந்திருக்கும், எந்த வீட்டு மாமி வாசலில் இருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நடப்பவள் அவள். அந்தக் கணக்கைக் காட்டினாலே போதும், ரத்தம் வேண்டாம், பயம் வந்துவிடும்.

மூன்றாவது, தொல்காப்பியரின் நான்காவது அச்சத்தை வைத்து ஒரு படம் எடுங்கள். முகமூடி இல்லாமல், பட்டப்பகலில், பெயர் தெரிந்த ஒருவரை வைத்து. தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பீர்கள். 1954இல் பாட்டில்லாத படத்துக்கு மெய்யப்பச் செட்டியார் பணம் போட்டாரே!

உறவுக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்த்துவிட்டு மகளிடம் "ஜாக்கிரதையாக இரு" என்று சொல்ல வாயெடுத்தால், அதை விழுங்கிவிட்டு வேறு ஒன்று கேளுங்கள். "உனக்கு யாரையாவது பார்த்தால் பயமாக இருக்கிறதா? நம் வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது?" பதில் உடனே வராது. நாலு நாள் கழித்து, பாத்திரம் தேய்க்கும்போது வரும். வந்தால் நம்புங்கள். "அவரா? சேச்சே" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் என் மாணவிகள் அம்மாவிடம் போகாமல் தமிழ் டீச்சரிடம் வந்தார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. வீட்டு ஃப்ரிட்ஜில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

தங்கை வீட்டுக்கும் இது பொருந்தும். பாட்டு வகுப்பு அடுத்த மாதம் முதல் மறுபடி தொடங்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்று நான் அடித்துத் தருகிறேன்.

மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். சிரிக்கிற பொம்மை மட்டும் போடுபவர்களுக்குப் பதில் கிடையாது. ஒற்றுப்பிழை இருந்தால் வழக்கம்போலத் திருத்தப்படும்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்
மந்தைவெளி